இரத்தம் ஏற்றும்போது மகளுக்கு வீ.ஆர். கண்ணாடி அணிவிக்கலாமா?

கேள்வி (பதிவர்: கீழத்தெரு அப்பா)

எங்கள் மகளுக்கு ஏழு வயது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருப்பதால் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற அழைத்துச் செல்கிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள் நரம்பு அகப்படாமல் நான்கு முறை குத்த நேர்ந்தது. அன்றிலிருந்து முந்தைய இரவே அழத் தொடங்கிவிடுகிறாள், வென்ஃப்ளான் (இரத்தம் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடும்போது இருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது அந்த வார்டுக்கு ஒரு வீ.ஆர். கண்ணாடி (கண்களை மூடிக்கொண்டு, கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) வந்திருப்பதாகவும், விருப்பமிருந்தால் அடுத்த முறை பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறார்கள். அது வலியை உண்மையிலேயே குறைக்கிறதா, அல்லது குழந்தை பாராத நேரத்தில் குத்திவிடுவதற்கான தந்திரமா என்பதே என் முதல் ஐயம். இத்தகைய கருவிகளின் பெட்டியிலேயே வயது வரம்பு அச்சிட்டிருக்கிறார்களே, ஏழு வயதுக்கு அது பொருந்துமா என்பது இரண்டாவது.

மறுமொழி 1 (பதிவர்: மயக்கவியல் மாணவன்)

ஐயா, இந்த வழிமுறை ஊசியை முன்னிட்டு வந்ததன்று; அதைவிடக் கொடிய வலியை முன்னிட்டு வந்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது, மார்ஃபின் போன்ற மருந்துகள் கொடுத்தும், நோயாளிகள் துடிப்பதைக் கண்ட ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990களின் பிற்பகுதியில் இதை முயன்றார்கள். பதின்ம வயதினர் இருவரைப் பற்றிய அவர்களுடைய அறிக்கை 2000ஆம் ஆண்டு ‘பெயின்’ ஆய்விதழில் வந்தது; சாதாரண வீடியோ விளையாட்டு ஆடியபோது இருந்ததைவிட மெய்நிகர் உலகுக்குள் இருந்தபோது வலி குறைவாக இருந்ததாக இருவருமே மதிப்பிட்டிருந்தார்கள். பின்னர் தீக்காயம் பட்டவர்களுக்கென்றே ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற மெய்நிகர் விளையாட்டு உருவானது. பனிப் பள்ளத்தாக்கில் மிதந்து சென்றபடி பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிய வேண்டும். நெருப்பை நினைவூட்டும் எதுவும் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே எங்கும் பனி.

தந்திரமா என்றால், பாதி ஆம் என்பேன். வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும், கவனமோ அளவுடையது, அதைப் பெருமளவு வேறொன்று இழுத்துக்கொண்டால் வலிக்கு மிஞ்சுவது குறைவு. ஆயினும் இது வாய்வார்த்தையாக மட்டும் தெரிவதன்று. நலமான தன்னார்வலர்களின் காலில் சூட்டால் வலி உண்டாக்கி மூளையைப் படமெடுத்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயல்பாடும் மெய்நிகர் உலகில் இருந்தபோது குறைந்திருந்தது.

அதற்காக மிகையாக நம்பிவிடவும் வேண்டாம். 4 முதல் 18 வயது வரையிலான 1,008 பேரை உள்ளடக்கிய 17 சோதனைகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு காக்ரேன்), சான்றுகளின் உறுதி குறைவு அல்லது மிகக் குறைவு என்றே மதிப்பிட்டது. சோதனைகள் சிறியவை, மேலும், கண்ணாடி அணிந்திருப்பது யார் என்பதை எவரிடமிருந்தும் மறைக்க இயலாது அல்லவா?

மறுமொழி 2 (பதிவர்: வார்டு அக்கா)

குழந்தைகள் வார்டில் செவிலியாக இருப்பவள் என்ற முறையில் சில சொல்கிறேன். முதலில், லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த மரத்துப்போகும் களிம்பு கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைத் தடவி மேலே மூடி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடவேண்டும். முதல் இடத்தில் நரம்பு கிடைக்காமல் போகலாம் என்பதால் இரண்டு இடங்களில் தடவுவது நல்லது. களிம்பைத் தவிர்த்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் நம்புவது எனக்கு ஒப்புதல் இல்லை.

அடுத்து, ஊசி உண்டு என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். விளையாட்டு என்று சொல்லி அழைத்துப்போய்க் குத்தினால், அடுத்த முறை கண்ணாடியைக் கண்டாலே அழுவாள். கையைத் தொடும் முன் செவிலியர் சொல்ல வேண்டுமா, சொல்லாமலே செய்துவிட வேண்டுமா என்று அவளையே கேளுங்கள். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஊசியின் பயமெல்லாம் தீர்ந்த பிறகு, ஒருமுறை அணிந்து பழகட்டும். தலையை அசைத்தே ஆடும் விளையாட்டாக இருப்பது முக்கியம். இரு கைகளாலும் ஆட வேண்டியதாக இருந்தால், நாங்கள் நரம்பு தேடும் கை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கையில் பட்டை கட்டுவதற்கு முன்பே விளையாட்டு தொடங்க வேண்டும், பிளாஸ்திரி ஒட்டி முடியும் வரை முடியக்கூடாது.

வயது வரம்பு வீட்டில் மணிக்கணக்காக ஆடுவதை எண்ணி நிறுவனங்கள் வைப்பது. இத்தகைய கண்ணாடிகளைத் தயாரிக்கும் மெட்டா நிறுவனம் 13 என்று வைத்திருந்ததை 2023இல், பெற்றோர் மேற்பார்வையில், 10 ஆகக் குறைத்தது. ஆய்வுகளில் நான்கு வயதுக் குழந்தைகளும் அணிந்திருக்கிறார்கள். சில நிமிடங்கள்தான் என்றாலும், வலிப்பு வந்ததுண்டா, பயணத்தில் குமட்டல் வருமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறிய தலையில் கருவி நழுவும். பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3 (பதிவர்: இரட்டைப் பின்னல்)

என் மகன் கண்ணாடியை ஒரே நிமிடத்தில் கழற்றிவிட்டான். ஊசி நுழைவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. மூன்று எண்ணிவிட்டு அவனே “குத்துங்க” என்பான். சில குழந்தைகள் இப்படித்தான். வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று போய்வந்தோம். களிம்பு தடவி, கண்ணாடியும் அணிந்தாள். முந்தைய இரவு அழுகையில் மாற்றமில்லை, ஆனால் யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது குத்தில் நரம்பு கிடைத்தது. முதல் குத்து அவளுக்குத் தெரிந்தது, “அப்பா, இப்ப குத்தினாங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். மாலையில் பிளாஸ்திரியைப் பிரித்தபோதுதான் ஊரைக் கூட்டினாள். அதற்கு ஏதேனும் வழி உண்டா அக்கா?

வார்டு அக்கா

வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஓரங்களில் ஊறவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். வெளி ஓரத்தை அவளே பிரிக்கட்டும். ஊசி இருக்கும் இடத்தைச் செவிலியர் பார்த்துக்கொள்வார்.