'எதிர்மறை உடன்பாடு' வேண்டாம், 'மறுப்பிசைவு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் 'எனக்கு இல்லை' என்றதும் மற்றவர் 'எனக்கும் இல்லை' என்று சேர்ந்துகொள்வதை விளக்கும் டச்சு இலக்கணக் குறிப்புக்கு, முன்வைக்கப்பட்ட 'எதிர்மறை உடன்பாடு' என்ற தலைப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நம் இலக்கணத்தில் உடன்பாடு என்றாலே எதிர்மறைக்கு நேர் எதிர். 'வந்தான்' உடன்பாடு, 'வாரான்' எதிர்மறை என்று படித்தவர்கள், இரண்டும் ஒட்டி நிற்கும் தலைப்பைப் பார்த்தால் திகைத்துப்போவார்கள்.

சொல்லவந்த விஷயம் இதுதான். ஒருவர் 'இக் ஹெப் ஹேன் ஹொங்கர்' (எனக்குப் பசியில்லை) என்கிறார். கூட இருப்பவருக்கும் பசியில்லை என்றால் 'இக் ஓக் நீட்' என்பார். இக் என்பது நான், ஓக் என்பது நம் உம், நீட் என்பது இல்லை. தமிழர் சறுக்குவது இங்கேதான். நாம் 'எனக்கும்தான்' என்று முடித்துவிடுவோம். முன்னவர் சொன்ன 'இல்லை' நம் எச்ச உம்மைக்குள் (முன் சொன்னதையும் சேர்த்துக் குறிக்கும் 'உம்') தானாகவே வந்துவிடும். டச்சு 'ஓக்' அதைச் சுமக்காது. வெறும் 'இக் ஓக்' அங்கே பிழை. நீட் வாய்விட்டு வந்தே ஆகவேண்டும். வேற்றுமையும் (நான், எனக்கு என்று மாறும் வடிவம்) முன்னவர் வாக்கியத்தையே பின்பற்றும். 'ஹெட் பெவால்ட் மெ நீட்' (எனக்குப் பிடிக்கவில்லை) என்றால் பதில் 'மெய் ஓக் நீட்', அதாவது எனக்கும் இல்லை. இது நமக்குப் பழக்கமானதுதான்.

எழுத்து நடையில் 'இக் ஏவன்மின்' (நானும் இல்லை) என்றும் வரும். மறுப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதால் இன்னொரு நீட் சேர்க்கக் கூடாது.

'எதிர்மறை இயைபு' என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல சொல், ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படும். பெல்ஜியத்தின் மேற்கு பிளெமிஷ் வழக்கில் 'நீமண்ட் நீ' (ஒருவருமில்லை, இல்லை) என இரண்டு மறுப்புச் சொற்கள் சேர்ந்து வந்தாலும் பொருள் ஒரே மறுப்புதான். இடைக்கால டச்சிலும் வினைக்கு முன் 'என்' என்ற மறுப்புச் சொல், அப்புறம் 'நீட்', இரண்டும் சேர்ந்து ஒரு மறுப்பு. ஒரே வாக்கியத்துக்குள் நடக்கும் அந்த ஒத்துப்போதலுக்கு இயைபை விட்டுவைப்போம். நாம் பெயர் தேடுவது இரண்டு பேருக்கு நடுவே நடப்பதற்கு.

அதனால் என் பரிந்துரை 'மறுப்பிசைவு': ஒருவர் மறுத்ததோடு மற்றவர் இசைவது. 'எதிர்மறை ஒப்புதல்' என்றும் வைக்கலாம், ஆனால் அது அலுவலகக் கோப்பில் வரும் சொல்போல இருக்கிறது. 'ஏவன்மின் எழுத்து நடைக்குரிய மறுப்பிசைவுச் சொல்' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாமல் போகிறது.

'இக் வெல்' (உனக்கில்லை, எனக்கு உண்டு) இதற்கு நேர்மாறு. அதற்கு 'மறுப்பெதிர்வு' என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்.