கடைசிச் செற்றில் வருகிற நினைப்புகள்

வணக்கம் உறவுகளே. வன்னியில் கழகங்களுக்குக் கரப்பந்து ஆடுகிற தம்பி, தங்கச்சிமாருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மல்லாவிப் பக்கம். பகலில் வயல், பின்னேரம் மைதானம். காசுக்கு ஆடுகிறவர்கள் இல்லை நாங்கள். ஆனாலும் கடைசிச் செற் 13–13 என்று வந்து பந்து கைக்கு வரும்போது நெஞ்சு இடிக்கிற இடி, தேசிய அணிக்காரருக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகள் எப்படி என்று தெரியும்தானே. கோட்டோடு ஒட்டிச் சனம் நிற்கும். சேர்விஸ் போடப் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று "விடுவான், விடுவான், நெற்றில விடுவான்" என்று கத்துவார்கள். அதைக்கூடத் தாங்கலாம். கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் எங்களுக்குள்ளே இருந்து வரத் தொடங்கும் பாருங்கள், அதுதான் கரைச்சல்.

"அதை நினைக்காதே, தைரியமாய் அடி" என்று மூத்தவர்கள் சொல்லுவார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் அது வேலை செய்வதில்லை. 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது. "நெற்றில விடாதே" என்று எனக்கு நானே சொன்னபோதெல்லாம் கண்ணுக்குள் நெற்தான் நின்றது.

எங்கள் பகுதியில் உளவளத்துணை வேலை செய்கிற ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் நினைப்பைத் துரத்தச் சொல்லவில்லை. "நான் விடப்போறன்" என்று மனம் சொன்னால், அதன் பின்னால் "எண்டு ஒரு நினைப்பு வருது" என்று சேர்த்துச் சொல்லிப் பார் தம்பி என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆனால் செய்து பார்த்தபோது அந்த நினைப்பு ஒரு எட்டுத் தள்ளிப் போய் நின்ற மாதிரி இருந்தது. போய்விடவில்லை. இப்போதும் வரும், பக்கத்திலேயே நிற்கும். நிற்கட்டும், நான் சேர்விஸைப் போடுகிறேன்.

அப்புறம் அந்த 8 விநாடி. நடுவர் விசில் ஊதிய பிறகு சேர்விஸ் போட அவ்வளவு நேரம் இருக்கிறது. நாங்கள் விசில் கேட்டதும் பதறி அடித்துவிடுகிறோம், மனதிடமிருந்து தப்புகிற அவசரம் அது. இப்போது நான் பந்தை நிலத்தில் தட்டுவேன், மூச்சை நீளமாக வெளியே விடுவேன், எதிர்ப் பக்கத்தில் பந்து விழவேண்டிய இடத்தைப் பார்ப்பேன், "உயர்த்திப் போடு" என்று வாய்க்குள் சொல்லுவேன். சோளகக் காற்று அடிக்கிற நாளில் அது "தாழப் போடு" என்று மாறும். "வெல்லவேணும்" என்று சொல்லுவதே இல்லை. நுட்பமான வேலைகளில், உற்சாக வார்த்தையைவிடச் செய்கையைச் சொல்லுகிற வார்த்தைதான் கூட உதவுகிறது என்று ஆய்வுகளும் சொல்லுகின்றன.

எங்கள் செற்றர், அதாவது அடிக்கிறவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற தம்பிக்கு வேறு வழி பொருந்தியது. அவன் தன்னைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிடுவான், அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லுவது போல. ஈதன் குரொஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் இருக்கிறது: பதற்றமான நேரத்தில் "நான்" என்று யோசிக்காமல் பெயர் சொல்லித் தன்னோடு பேசினவர்கள் நிதானமாக இருந்தார்கள். ஆளுக்கு ஆள் மாறும், எது ஒட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயிற்சியிலேயே பழகவேண்டும். நாங்கள் பொடியளைப் பின்னால் நிறுத்திக் கத்தவிட்டுத்தான் சேர்விஸ் பழகுகிறோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று எல்லோருக்கும் சொல்லாதீர்கள். 2009ஐக் கடந்து வந்த சனம் நாங்கள். எங்கள் கழகத்தில் ஒரு அண்ணாவுக்குக் கண்ணை மூடினால் விளையாட்டு வராது, வேறு காட்சிகள்தான் வரும். அவர் கண்ணைத் திறந்தபடி பந்தின் தையலைப் பார்த்து, கால் நிலத்தில் அழுந்துவதைக் கவனிப்பார். அவருக்கு அது போதும். மைதானத்தை விட்டு வந்த பிறகும் நினைப்புகள் விடாமல், நித்திரையையும் சாப்பாட்டையும் கெடுத்தால் அது சேர்விஸ் பிரச்சினை இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், இல்லாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் கழகத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அண்ணாவோடு நானும் போயிருக்கிறேன்.