முதல் ஆறாயிரம் மீட்டர் மலை: ஸ்டோக் காங்ரி இல்லையென்றால் எது? பூட் வாங்குவதா, வாடகையா?

கோவை நடையன்:

எல்லாருக்கும் வணக்கம். இமயமலை ட்ரெக்கில் கேதார்கந்தா, ஹம்ப்தா பாஸ் இரண்டும் முடித்தாயிற்று. அடுத்த ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் ஆறாயிரம் மீட்டர் தாண்டிய மலை ஒன்றில் ஏறிவிட வேண்டும் என்று நானும் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஊரில் யாரைக் கேட்டாலும் லடாக்கில் இருக்கிற ஸ்டோக் காங்ரி என்கிறார்கள், ஆனால் அது 2020-லேயே மூடியாயிற்றாம். ஒரு ஏஜென்ட் மட்டும் "வேற பக்கமா கூட்டிட்டுப் போறேன் சார், அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்கிறார். இன்னொருவர் காங் யாட்சே 2 சொல்கிறார். மூன்றாமவர் மணாலி-லே ரோட்டை ஒட்டியிருக்கிற யூனாம் போங்கள், ரோட்டிலிருந்து இறங்கினாலே மலைதான், சுலபம் என்கிறார்.

எது சரி? அப்புறம் பூட், கிராம்பான் (பூட் அடியில் மாட்டுகிற இரும்பு முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாலி), ஸ்லீப்பிங் பேக் இதெல்லாம் சொந்தமாக வாங்குவதா, அங்கேயே வாடகைக்கு எடுப்பதா? லீவு இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்காது. பயிற்சிக்காக வாரக் கடைசிகளில் மருதமலைப் படியும், சீசன் திறந்தால் வெள்ளியங்கிரியும் ஏறுகிறோம். அது போதுமா?

பனிப்பாதை:

முதலில் அந்த "பார்த்துக்கலாம்" ஏஜென்ட்டின் நம்பரை போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஸ்டோக் காங்ரியை மூடச் சொன்னதில் ஸ்டோக் கிராமத்து ஆட்களே முன்னால் நின்றார்கள். குடிக்கிற தண்ணீர், பார்லி வயலுக்குப் பாய்கிற தண்ணீர் எல்லாம் அந்த மலையின் பனியாற்றிலிருந்துதான் வருகிறது. மேலே சீசனுக்குச் சீசன் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போய் உட்கார்ந்து எழுந்தால் அது எங்கே போய்ச் சேரும்? பனியாறும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. முதலில் மூன்று வருடம் என்று சொன்னார்கள், பிறகு நீட்டித்தார்கள். வேறு பக்கமாக ஏறினாலும் இறங்குகிற தண்ணீர் அதேதான். ஒரு ஊரின் கிணற்றடியில் கூடாரம் போட மாட்டோம் இல்லையா.

அடுத்தது இந்த ஆறாயிரம் என்கிற எண். ஸ்டோக் காங்ரி 6,153 மீட்டர். அலாஸ்காவில் இருக்கிற டெனாலி 6,190. வித்தியாசம் ஒரு பத்து மாடிக் கட்டிடம் அளவுதான், ஆனால் டெனாலியில் போர்ட்டர் கிடையாது, கழுதை கிடையாது, பனிச்சறுக்கு வண்டியில் உங்கள் சாமானை நீங்களே இழுக்க வேண்டும், இரவில் மைனஸ் முப்பது நாற்பது சாதாரணம், இரண்டு மூன்று வாரம் பனிமேலேயே படுக்க வேண்டும். உயரத்தை மட்டும் பார்த்து மலையைத் தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டும் ஒன்று என்று ஆகிவிடும். எவ்வளவு பனி, எவ்வளவு சரிவு, எங்கிருந்து ஏறத் தொடங்குகிறோம், உயரத்தால் நோய் வந்தால் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கலாம், இதைக் கேளுங்கள்.

யூனாம் சுலபம் என்று சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 6,100 சொச்சம், பெரும்பாலும் உதிர்ந்த கல்லும் மண்ணும்தான், கயிறு வேலை குறைவு. ஆபத்து அந்த ரோட்டில்தான் இருக்கிறது. மணாலி இரண்டாயிரம் மீட்டர் சொச்சம். அடல் சுரங்கம் திறந்த பிறகு காலையில் கிளம்பினால் அதே நாளில் மலையடியில் இருக்கிற பாரத்பூர் போய்விடலாம், அது 4,700-க்குப் பக்கம். மெல்லிய காற்றுக்குப் பழக உடம்புக்கு நேரமே கிடைக்காது. மூவாயிரத்துக்கு மேல் போனால் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் படுக்கிற உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். வழியில் இருக்கிற ஜிஸ்பா பக்கம் இரண்டு மூன்று நாள் தங்க வைக்காத திட்டமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காங் யாட்சே 2 எனக்குப் பிடித்த மலை. லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு வழியாகக் கிராமம் கிராமமாக நடந்து நிமாலிங் முகாமுக்குப் போகும்போது உடம்பு தானாகவே பழகிக்கொள்ளும். ஆனால் கடைசி நாள் நீளமான பனிச்சரிவு, நள்ளிரவு வாக்கில் கிளம்பி பனி கெட்டியாக இருக்கும்போதே ஏறி, வெயில் ஏறிக் குழைவதற்குள் திரும்ப வேண்டும். அங்கே சறுக்கினால் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். கேதார்கந்தாவில் அதைக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

மலைமங்கை:

சாமான் விஷயத்துக்கு நான் வருகிறேன். என் கணக்கு ரொம்ப எளிது: தோலில் படுவது சொந்தம், இரும்பில் செய்தது வாடகை. பேஸ் லேயர் (உடம்போடு ஒட்டுகிற உள்ளுடை), சாக்ஸ், கையுறையின் உள்ளுறை, கறுப்புக் கண்ணாடி, இதெல்லாம் வாங்கிவிடுங்கள். கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹெல்மெட் வாடகைக்கு எடுக்கலாம், லேயிலும் மணாலியிலும் கிடைக்கும். கயிறு மாட்ட இடுப்பில் கட்டுகிற ஹார்னஸை மட்டும் வாடகைக்கு எடுக்கும்போது கையில் வாங்கி இடுப்பு லூப்பையும் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளுத்துப்போய் நூல் பிரிந்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். நைலானுக்கு வயசாகும், வெயிலில் இன்னும் சீக்கிரம்.

பூட்தான் சிக்கல். நீங்கள் ஹம்ப்தாவுக்குப் போட்ட ஷூ வளையும், அதில் பனியில் நடக்கிற மைக்ரோஸ்பைக் (சின்ன முள் வைத்த சங்கிலி) மாட்டலாம், உண்மையான கிராம்பான் நிற்காது. பூட்டுக்கு பி1, பி2, பி3 என்றும் கிராம்பானுக்கு சி1, சி2, சி3 என்றும் ஒரு தரவரிசை உண்டு. பி1 பூட்டுக்கு வார் போட்டுக் கட்டுகிற சி1 மட்டும்தான். பின்னால் நெம்பு வைத்துப் பூட்டுகிற சி2 வேண்டுமானால் பி2. முன்னால் கம்பியும் பின்னால் நெம்புமாக இருக்கிற சி3-க்கு அடிப்பகுதி துளியும் வளையாத பி3. காங் யாட்சேக்கு அங்கே கொடுப்பது பெரும்பாலும் உள்ளே தனியாக ஒரு மெத்தைப் பூட் இருக்கிற டபுள் பூட். வருடத்துக்கு ஒரு மலை ஏறுகிறவருக்கு அதை வாங்குவது வீண், விலை ஒரு மாதச் சம்பளத்தைச் சாப்பிடும். வாடகைக்கே எடுங்கள், ஆனால் கடையில் கால் மணி நேரமாவது செலவு பண்ணுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், மலையில் போடப்போகிற அதே தடி சாக்ஸோடு காலை விட்டு, கயிறு கட்டாமல் விரல்கள் முன்னால் முட்டும்வரை தள்ளுங்கள், அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் ஒன்று நுழைய வேண்டும். அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடை வாசல் சரிவிலோ படியிலோ இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முட்டினால் வேண்டாம், இறங்கும்போதுதான் நகம் கருத்துப்போகும். அடுத்து கிராம்பானை வாரைக் கட்டாமல் பூட்டில் பொருத்தி, பூட்டைக் கையில் தூக்கி ஆட்டுங்கள். பிடித்துக்கொண்டு நின்றால் சரி, தொப்பென்று விழுந்தால் நீளத்தைத் திருகிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இதை மலையடியில் இரவு பன்னிரண்டு மணிக்கு விரல் மரத்த நிலையில் செய்ய முடியாது.

ஸ்லீப்பிங் பேக்கில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற "மைனஸ் 20"-ஐ நம்பாதீர்கள். உள்பக்கத் துணியில் மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். பெரிய எழுத்து பல சமயம் கடைசி எண், அதாவது செத்துப்போகாமல் இரவைக் கடத்தலாம் என்கிற எண். தூங்க வேண்டுமானால் கம்ஃபர்ட் மைனஸ் பத்தாவது இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி நான்காம் வகை, அதாவது இருக்கிறதிலேயே இருட்டானது. பனி, மேலே விழுகிற புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கண் உள்ளே மணல் போட்ட மாதிரி எரிந்து ஒன்றிரண்டு நாள் திறக்க முடியாமல் போகும். கீழே கார் ஓட்ட மட்டும் அதைப் போடாதீர்கள், ரொம்ப இருட்டு.

சும்மா சுற்றுபவன்:

மலைமங்கை அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் பனிப்பாதை அண்ணன் புதுசாக வருகிறவரைக் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். காங் யாட்சே 2-க்கு வழிகாட்டி கயிறு கட்டித்தான் கூட்டிப்போவார்கள், மலையடியில் ஒரு நாள் பயிற்சியும் கொடுப்பார்கள். எத்தனையோ பேர் முதல் மலையாகவே ஏறியிருக்கிறார்கள்.

பனிப்பாதை:

ஏறியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கயிற்றில் நான்கு பேர் கட்டியிருந்து நான்கு பேருக்கும் நிறுத்தத் தெரியாவிட்டால் ஒருவர் சறுக்கினால் நான்கு பேரும்தான் போவார்கள். அந்த ஒரு நாள் பயிற்சியில் வழிகாட்டி என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று பாருங்கள். ஆக்ஸின் தலை ஒரு தோளுக்குப் பக்கத்தில், தண்டு மார்புக்குக் குறுக்கே, கீழ்முனை எதிர்ப்பக்க இடுப்பில். சறுக்கியதும் குப்புறத் திரும்பி உடம்பு எடை முழுவதையும் ஆக்ஸின் தலைமேல் போட வேண்டும். முழங்கால் பனியில், பாதம் இரண்டும் மேலே தூக்கியிருக்க வேண்டும், கிராம்பான் முள் மாட்டினால் குட்டிக்கரணம்தான். இதை மல்லாந்து சறுக்கி, தலைகீழாகச் சறுக்கி, கை வலிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தால்தான் உடம்பில் ஏறும். வெறுமனே ஆக்ஸைப் பிடித்து போட்டோ எடுத்துவிட்டு வந்தால் அது பயிற்சி இல்லை.

லீவு கிடைத்தால் அடிப்படைப் பயிற்சி போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்லுவேன். டார்ஜிலிங்கில் இருக்கிற மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-ல் தொடங்கியது, உத்தரகாசியில் இருப்பது 1965-ல், மணாலியிலும் ஒன்று இருக்கிறது. எல்லாம் அரசு நிறுவனம், நான்கு வாரத்துக்குப் பக்கம், கட்டணம் தனியார் டிரிப்பை விடக் குறைவு, சாமான் அவர்களே கொடுப்பார்கள். சீட்டுதான் வெகு முன்னாலேயே பதிய வேண்டும்.

கோவை நடையன்:

நான்கு வாரம் லீவு கேட்டால் மேனேஜர் என்னையே மலையேற்றிவிடுவார் அண்ணா. அப்போ இந்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்யலாம்? இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருக்கிறது, மேலே கக்கூஸ் விஷயம் எப்படி? கேதார்கந்தாவில் கூடாரம் வைத்துக் குழி தோண்டியிருந்தார்கள். பக்கத்திலேயே வெட் டிஷ்யூ குவிந்து கிடந்தது, பார்க்கவே சகிக்கவில்லை.

லடாக் தபால்:

கூச்சப்படாமல் கேட்டதற்கே நன்றி, ஸ்டோக் மூடினதே இந்தக் கேள்வியால்தான்.

மண்ணும் புல்லும் இருக்கிற உயரத்தில் குழி சரி. தண்ணீரிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம், மூடிவிட வேண்டும். புல்வெளி முடிந்து கல்லும் பனியும் தொடங்கியதும் குழிக்கு அர்த்தமில்லை. அந்தக் குளிரில் எதுவும் மக்காது, பனியில் புதைத்தால் கோடையில் உருகும்போது அப்படியே வெளியே வரும், ஓடைக்குப் போகும். அங்கே பையில்தான் கொண்டு இறங்க வேண்டும். உள்ளே பொடி போட்ட பை கிடைக்கிறது, ஈரத்தைக் கூழாக்கி வாடையை அடக்கிவிடும், இரண்டாவது உறையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் முதுகுப்பைக்குள் வைப்பதில் ஒன்றும் ஆகாது. அருவருப்பு முதல் தடவைதான். எவரெஸ்ட்டில் 2024 முதல் அந்தப் பகுதி நிர்வாகம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அர்ஜென்டினாவில் அகோன்காகுவா மலைக்குப் போனால் பர்மிட்டோடு எண் போட்ட பை கொடுப்பார்கள், திரும்பக் காட்டாவிட்டால் அபராதம். நம் ஏஜென்ட்டுகளிடம் கேட்டால் சிரிப்பார்கள், கேட்டுக்கொண்டே இருங்கள், நாலு பேர் கேட்டால் வைத்துவிடுவார்கள்.

வெட் டிஷ்யூ கொண்டு போகவே போகாதீர்கள். அது காகிதம் இல்லை, பெரும்பாலானவற்றில் பிளாஸ்டிக் நார் கலந்திருக்கிறது. தண்ணீர் பாட்டில் ஒன்றில் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டால் போதும், நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த முறைதானே. ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு "மக்கிடும்" என்று வீசுகிறவர்களையும் தடுங்கள், நாலாயிரம் மீட்டரில் அது வருடக்கணக்கில் கிடக்கும்.

உத்தரகாண்டில் 2018-ல் உயர் நீதிமன்றமே புல்வெளிகளில் இரவு தங்கக் கூடாது என்று தடை போட்டது, ரூப்குண்ட் பாதை அதில்தான் மாட்டியது. கூட்டம் கூடிக் குப்பை சேர்ந்தால் ஊர்க்காரரோ கோர்ட்டோ யாராவது ஒருவர் கதவைச் சாத்துவார்கள்.

சும்மா சுற்றுபவன்:

இதைப் படிக்கும்போது காஞ்சன்ஜங்கா ஞாபகம் வருகிறது. 1955-ல் முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். சிக்கிம்காரர்களுக்கு அது தெய்வம், மிதிக்க மாட்டோம் என்று கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு போன பலரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். உலகின் மூன்றாவது பெரிய மலை, கை நீட்டினால் உச்சி, நிற்கிறான் மனுஷன். நம் ஆட்கள் மூடின மலைக்குக் கொல்லைப்புறம் தேடுகிறோம்.

பனிப்பாதை:

@கோவை நடையன், இரண்டு வாரம்தான் என்றால் என் யோசனை: இந்த வருடம் மணாலி பக்கம் ஃபிரெண்ட்ஷிப் பீக், 5,289 மீட்டர். மே கடைசி, ஜூனில் பனி நன்றாக இருக்கும், மலையடியில் பயிற்சிக்கு இரண்டு நாளாவது ஒதுக்குகிற ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள். அடுத்த வருடம் காங் யாட்சே. ஆறாயிரம் எங்கேயும் ஓடிப்போகாது. லே போகும்போது விமானத்தில் இறங்கியதும் 3,500 மீட்டர், முதல் இரண்டு நாள் சும்மா படுத்துத் தூங்குங்கள், கடைவீதிகூட வேண்டாம். டயமாக்ஸ் (உயர நோய்த் தடுப்பு மாத்திரை) போடுவதா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளியங்கிரி காலுக்கு அருமையான பயிற்சி, முக்கியமாக இறக்கம். உயரத்துக்கு அது உதவாது, இரண்டாயிரம் மீட்டர்கூட இல்லையே. முதுகில் பத்துக் கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள்.

மலைமங்கை:

அரிசிக்குப் பதில் தண்ணீர் கேன் எடுங்கள், மேலே கொட்டிவிட்டு இறங்கினால் முட்டி தப்பும்.

பூட் சைஸை ஏஜென்ட்டுக்கு அனுப்பும்போது எட்டு, ஒன்பது என்று சொல்லாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் அது ஒவ்வொரு கணக்கு. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, தடி சாக்ஸோடு பேப்பரில் நின்று கோடு போட்டு சென்டிமீட்டரில் அனுப்புங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் அளவைச் சொல்லுங்கள்.