துணி ஹூட்டில் பூஞ்சணம், உள்ளே தண்ணீர்: மாரிக்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி (கல்லடி):

வணக்கம். என்னிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட கார். பழைய ரெக்சின் ஹூட்டை (மடித்துத் திறக்கும் கூரையை) கழற்றிவிட்டு, கறுப்புத் துணி ஹூட் போட்ட நிலையில்தான் அது என் கைக்கு வந்தது. வீடு கடற்கரைக்கு அண்மையில் இருக்கிறது. கார் மாமரத்தடியில் நிற்கிறது.

முன்பெல்லாம் துணியில் விழும் மழைத்துளி முத்து முத்தாக உருண்டு ஓடும். இப்போது தண்ணீர் துணிக்குள் ஊறிவிடுகிறது. தையல் ஓரங்களில் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் வந்திருக்கின்றன. அதைவிடக் கவலை, மழைக்குப் பிறகு இடதுபக்க ஆசனத்தின் பின்னால் கார்பெட் நனைந்துகிடக்கிறது. சேர்விஸ் நிலையத்தில் பிரஷர் கன்னால் அடித்து, குளோரின் ஊற்றினால் புள்ளிகள் போய்விடும் என்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இந்த ஹூட்டைக் காப்பாற்ற வேண்டும். அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்.

பதில் (காத்தான்குடி, குஷன் வேலை செய்பவர்):

சகோதரர், முதலில் குளோரினை மறந்துவிடுங்கள். அது கரும்புள்ளியை வெளுக்கச் செய்யும். கூடவே தையல் நூலையும் உள்பக்கப் பருத்தியையும் அரித்துவிடும். பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் துணியின் இழை எழும்பிப் பஞ்சுபோல் ஆகிவிடும்; பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

நீங்கள் சொல்வது ஒரு நோயல்ல, இரண்டு. இவ்வகைத் துணி ஹூட் பொதுவாக மூன்று படைகளைக் கொண்டது: மேலே அக்ரிலிக் நெசவு, நடுவே இறப்பர், அடியில் பருத்தி அல்லது பொலியெஸ்டர். தண்ணீரை உண்மையில் தடுப்பது நடுவில் உள்ள இறப்பர்தான். ஆகவே மேல்துணி ஊறுவதால் மட்டும் கார்பெட் நனையாது. இந்தக் காரில் ஹூட்டின் பின்பகுதியில் இறங்கும் தண்ணீர், ஆசனங்களுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகால் துளைகள் வழியாகப் பின்சில்லுகளுக்கு முன்னால் நிலத்தில் விழ வேண்டும். மாமரத்தடி என்றீர்கள், பூவும் சருகும் சேர்ந்து இடதுபக்கத் துளையை அடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு கோப்பைத் தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றி, கீழே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் தடித்த தங்கூசியின் (நைலோன் தூண்டில் நரம்பின்) நுனியை நெருப்பில் காட்டி மழுக்கிக்கொண்டு, துளைக்குள் பதமாக இறக்கி அசையுங்கள். கொம்ப்ரெசர் காற்று அடிக்க வேண்டாம். உள்ளே உள்ள குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் முழுவதும் காருக்குள்தான் இறங்கும்.

பதில் (மருதமுனை):

நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் கரையோரத்தில் துணியைக் கெடுப்பதில் அழுக்கைவிட உப்புக்கே பங்கு அதிகம். இழைகளுக்கிடையே படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், வெயிலில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் இரவில் துணி மறுபடி பதமாகிவிடும். பூஞ்சணத்துக்கு அது போதும். எனவே உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் எடுத்த உப்பையே திரும்பப் பூசியதாகும். குழாய்த் தண்ணீரை, அல்லது பிடித்துவைத்த மழைநீரைப் பயன்படுத்துங்கள்.

கச்சான் காற்று கொண்டுவந்த புழுதியை முதலில் காய்ந்த நிலையிலேயே மெதுவான பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். நனைத்தால் அது சேறாகி இழைக்குள் இறங்கும். பிறகு காலை வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் வைத்து ஹூட் முழுவதையும் நனைத்து, காரமற்ற திரவச் சவர்க்காரத்தை ஒரு வாளித் தண்ணீரில் சிறிதளவு கலந்து, நெசவின் போக்கிலேயே தேயுங்கள். தும்பு பிரஷ் கூடாது. நுரை காய விடக் கூடாது. நுரை முற்றாக நிற்கும்வரை அலச வேண்டும், ஏனென்றால் எஞ்சும் சவர்க்காரம் நீர்விலக்கும் தன்மையையே கெடுத்துவிடும். கரும்புள்ளிகளுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, கண்ணில் படாத மூலையொன்றில் முதலில் பரீட்சித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து அலசுங்கள். சில புள்ளிகளின் நிழல் தங்கிவிடலாம். பூஞ்சணம் உயிரோடு இல்லாவிட்டால் அதனால் கேடில்லை.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னது சரியாகவே இருந்தது: இடதுபக்கத் துளையிலிருந்து மக்கிய மாம்பூவும் கறுத்த சேறும் வந்தன, இப்போது ஊற்றும் தண்ணீர் இரு பக்கமும் தடையின்றி இறங்குகிறது. கழுவிய பிறகு எந்த ஸ்பிரே அடிக்கலாம்? பின்புறப் பிளாஸ்டிக் கண்ணாடியும் மங்கலாகி வருகிறது.

பதில் (அக்கரைப்பற்று):

ஐயா, துணிக்கூரைக்கென்றே வரும் நீர்விலக்கி ஸ்பிரேயை வாங்குங்கள். 303 ஃபேப்ரிக் கார்ட் அவ்வகையைச் சேர்ந்தது. சிலிக்கன் பளபளப்பு ஸ்பிரேயும் ரெக்சினுக்கான பொலிஷும் துணிக்கு உதவா. அவை புழுதியைப் பிடித்து ஒட்டவைக்கும். அடிப்பதற்கு முன் ஹூட்டை மூடிய நிலையில் ஒரு முழுநாளாவது காயவிடுங்கள். பெயின்டையும் பின்கண்ணாடியையும் பொலித்தீனால் மறைத்துவிட்டு, மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள்.

பின்கண்ணாடி வினைல் என்பதால் அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் அதை இன்னும் மங்கச் செய்யும். உலர்ந்த துணியால் துடைப்பதும் கீறலைத்தான் தரும்; நிறையத் தண்ணீர் விட்டு மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். ஹூட்டை மடிக்கும் ஒவ்வொரு தடவையும் பின்கண்ணாடியின் சிப்பைத் திறந்து, அதைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு துவாயை விரித்த பிறகே மடியுங்கள். ஈரம் இருக்கும்போது மடிக்கவே வேண்டாம்.

பதில் (காத்தான்குடி, குஷன் வேலை செய்பவர்):

ஒன்று விடுபட்டுப்போனது, சகோதரர். ஸ்பிரே அடிப்பதற்கு முன் உள்ளே இருந்து தையல்களை வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஊசித்துளையில் ஒளி தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் தையல் சீலர் பூசினால் போதும். நூலே அறுந்திருந்தால் பூச்சு நிற்காது, பொலியெஸ்டர் நூலால் மறுபடி தைக்க வேண்டும். அந்த வேலையை மழை தொடங்குவதற்கு முன் எந்தக் குஷன்காரரிடமாவது கொடுத்துவிடுங்கள். மாரியில் துணி சரியாகக் காயாது.