பாடத்துக்கும் பாடத்துக்கும் இடையில் கரையும் நேரம்: தொடக்க வகுப்பின் அன்றாட நடைமுறைகளை எப்படிப் பழக்குவது?

நீலமை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கல்வியாண்டில் முதன்முறையாக மூன்றாம் வகுப்பின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வகுப்பில் 36 மாணவர்கள். பாடம் நடத்தும் வேளையில் குழந்தைகள் நன்றாகவே கவனிக்கிறார்கள். ஒரு பாடம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வகுப்பு கைமீறிப் போகிறது. மொழிப்பாட ஏட்டை உள்ளே வைத்துவிட்டுக் கணக்கு ஏட்டை எடுக்கச் சொன்னால், சிலர் பையைத் துழாவுகிறார்கள், சிலர் பென்சில் சீவக் குப்பைத்தொட்டியருகே கூடுகிறார்கள், இன்னும் சிலர் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களோ பொறுமையிழந்து பக்கத்திலிருப்பவரைச் சீண்டத் தொடங்குகிறார்கள். காலையில் உள்ளே நுழையும்போதும், வீட்டுப்பாட ஏடுகளைத் திரட்டும்போதும், மாலையில் கிளம்பும்போதும் இதே நிலைதான்.

வகுப்பு விதிகளை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். குழந்தைகள் அவற்றைத் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். நடப்பில் மட்டும் மாற்றமில்லை. குரலை உயர்த்தினால் சற்று நேரம் அடங்குகிறார்கள், பிறகு மறுபடியும் இரைச்சல். எந்த நடைமுறைகளை முதலில் பழக்க வேண்டும், எந்த முறையில் பழக்க வேண்டும், பொருள்களை வகுப்பறையில் எங்கே வைக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

படிக்கட்டு எழுதியது:

வணக்கம். சிக்கல் இருக்கும் இடத்தை நீங்களே சரியாகக் கண்டிருக்கிறீர்கள். ஒரு நாளில் ஏழு முறை வகுப்பு ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது என்றும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு நிமிடம் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டால், 42 நிமிடங்கள் போய்விடுகின்றன. ஏறத்தாழ ஒரு முழுப் பாடவேளை. அந்த ஆறு நிமிடத்தை இரண்டாகக் குறைத்தால் நாளொன்றுக்கு 28 நிமிடங்கள் மிஞ்சும். ஆகவே இதற்காக ஆண்டின் தொடக்கத்தில் சில மணி நேரத்தைச் செலவிடத் தயங்க வேண்டாம். பாடம் பின்தங்குகிறதே என்ற அச்சமும் வேண்டாம்.

விதி வேறு, நடைமுறை வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். "அமைதி காப்போம்" என்பது விதி. கணக்கு ஏட்டை எடுக்கும்போது மொழிப்பாட ஏடு எங்கே போக வேண்டும், பென்சில் முனை ஒடிந்திருந்தால் என்ன செய்ய வேண்டும், எடுத்து முடித்தவர் அடுத்து எதைத் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. எட்டு வயதுக் குழந்தை விதியை மீற வேண்டும் என்று எண்ணிப் பையைத் துழாவுவதில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இன்னதென்று அதன் கைக்குப் பழகியிருக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் சுவரிலுள்ள அட்டை பயன்படவில்லை.

நடைமுறையையும் ஒரு பாடமாகவே நடத்த வேண்டும். ஏடு மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். முதலில் நீங்களே ஒரு மாணவரின் இருக்கையில் அமர்ந்து, வாய்விட்டுச் சொல்லியபடி செய்து காட்டுங்கள்: ஏட்டை மூடுகிறேன், பையின் பின்னறையில் வைக்கிறேன், கணக்கு ஏட்டை எடுக்கிறேன், தேதியை எழுதுகிறேன், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறேன். அடுத்து இருவரைச் செய்யச் சொல்லி, மற்றவர்கள் எதைக் கவனித்தார்கள் என்று கேளுங்கள். பின்பு வகுப்பு முழுவதும் செய்து பார்க்கட்டும். இடையில் தவறினால் கடிந்துகொள்ளாமல் அந்த ஒரு படிக்கு மட்டும் திரும்பிச் சென்று, மீண்டும் செய்ய வையுங்கள். இந்தப் பயிற்சிக்குப் பரபரப்பான நேரத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எதுவும் அவசரமில்லாத வேளையில் ஒத்திகை பார்த்தால்தான் அவசர வேளையில் அது கைகொடுக்கும். எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் ஆகியோர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களின் ஆண்டுத் தொடக்க வாரங்களைக் கவனித்து 1980இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: வகுப்பைச் சிறப்பாக நடத்தியவர்கள் முதல் வாரங்களிலேயே நடைமுறைகளை விளக்கி, செய்து காட்டி, பழக்கி, தொடர்ந்து கண்காணித்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் வாரத்துக்கு நான்கு போதும்: காலையில் உள்ளே வருவது, கவனத்தை ஈர்க்கும் சைகைக்குப் பதிலளிப்பது, ஏடு மாற்றுவது, கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்பது. இவற்றில் காலை வருகைக்கே முதலிடம் தருவேன். குழந்தை உள்ளே நுழையும்போது கரும்பலகையில் ஒரு சிறு பணி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்க வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் செய்யக்கூடிய பணியாக அது இருக்க வேண்டும். நேற்றைய கணக்கைப் போன்ற மூன்று கணக்குகளோ, ஐந்து சொற்களை வாக்கியத்தில் அமைப்பதோ போதுமானது. அவர்கள் அதில் ஈடுபட்டிருக்கும்போது நீங்கள் வருகைப்பதிவை முடித்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜேக்கப் கௌனின் என்னும் உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குறும்பு நிகழ்ந்த பின் ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதற்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இருக்கவில்லை. குறும்புக்கு இடமே எழாதபடி வகுப்பை எப்படிக் கொண்டுசெல்கிறார் என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது. ஒரு செயலைத் தொடங்கிவிட்டு நடுவில் விட்டுச் செல்வது, முடிந்த செயலுக்கு மறுபடி திரும்புவது ஆகியவற்றை அவர் தனித்துக் குறிப்பிட்டார். "கணக்கு ஏட்டை எடுங்கள்" என்று சொன்ன பிறகு, "அது சரி, நேற்றைய கையொப்பத் தாளை யார் கொண்டுவரவில்லை?" என்று ஆசிரியரே கேட்டால், கலைவது அவரால்தான். அறிவிப்புகளை ஏடு மாற்றச் சொல்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கடைசிவரிசை எழுதியது:

படிக்கட்டு அவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். பொருள்கள் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பென்சில் சீவுவதைப் பாடவேளையிலிருந்து முழுவதுமாக அகற்றிவிடலாம். இரண்டு குவளைகள் வையுங்கள். ஒன்றில் சீவிய பென்சில்கள், மற்றதில் முனை மழுங்கியவை. முனை ஒடிந்தவர் தம் பென்சிலை மழுங்கியவற்றோடு போட்டுவிட்டுக் கூரானதை எடுத்துக்கொண்டு திரும்புவார். மாலையில் அன்றைய பொறுப்பாளர் எல்லாவற்றையும் சீவி வைத்துவிட்டால் போதும்.

ஏடு திரட்டுவதற்கு, ஒவ்வொரு ஏட்டின் மேலட்டை மூலையிலும் வருகைப்பதிவு எண்ணைப் பெரிதாக எழுதச் செய்யுங்கள். திருத்த வேண்டிய பக்கத்தில் திறந்த நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முன்பின்னாக அல்லாமல் பக்கவாட்டில் கைமாற்றச் சொல்லுங்கள். பின்னாலிருந்து முன்னால் அனுப்பும்போது முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டில் அனுப்பினால் ஒவ்வொரு கையும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாணவர்கள் எண் வரிசைப்படி அடுக்கிவிட்டால், கொண்டுவராதவர் யார் என்பதை யாரையும் கேட்காமலே அறிந்துகொள்ளலாம். 36 ஏடுகளில் திருத்த வேண்டிய பக்கத்தைத் தேடும் வேலை மிச்சமாவதன் அருமை திருத்துபவருக்குத்தான் தெரியும்.

நாள்தோறும் வேண்டிய பொருள்களை ஒரே மூலையில் குவிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். கூட்டம் சேரும் இடத்தில்தான் தள்ளுமுள்ளும் சேரும்.

மழைத்தூறல் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய விரும்புகிறேன். எல்லா அசைவையும் நடைமுறையாக்கிவிட்டால் வகுப்பறை அணிவகுப்பாகிவிடும். எதற்காக இந்த ஒழுங்கு என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும்; சிலவற்றையாவது அவர்களோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். தண்ணீர் குடிக்கும் நேரத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் அவர்களே நியாயமான விடையைச் சொல்வார்கள், சொன்னபின் அதைக் காப்பதும் அவர்களுக்கு எளிதாகிறது. பேசிக்கொள்வதெல்லாம் இரைச்சலும் அல்ல. இணைந்து கணக்குப் போடும்போது எழும் முணுமுணுப்பை அடக்கினால், சிந்தனையையும் சேர்த்தே அடக்குகிறோம்.

இருக்கை அமைப்பையும் பணிக்கேற்ப மாற்றுங்கள். தனியாக எழுதும் வேளைக்கு வரிசையும், கலந்து பேசும் வேளைக்குக் குழுவும் பொருந்தும். ஆய்வுகளும் பெரும்பாலும் இதே திசையில்தான் சுட்டுகின்றன. வரிசையிலிருந்து குழுவுக்கு மேசைகளை நகர்த்துவதையே ஒரு நடைமுறையாகப் பழக்கிவிடலாம். இல்லையேல் முன்வரிசையினர் திரும்பி அமர்ந்தாலே நால்வர் குழு அமைந்துவிடும்.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். 2014இல் ஃபிஷர், காட்வின், செல்ட்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு அலங்காரம் நிறைந்த அறையிலும் அலங்காரம் இல்லாத அறையிலும் அறிவியல் பாடங்கள் நடத்தப்பட்டன. அலங்கார அறையில் கவனம் சிதறிய நேரம் கூடியது, பாடத்துக்குப் பின் நடந்த தேர்வில் மதிப்பெண்ணும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், அதற்காகச் சுவரை வெறுமையாக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கரும்பலகையை ஒட்டிய பகுதியை மட்டுமாவது தெளிவாக விடுங்கள். அங்கே இருக்க வேண்டியது அன்றைய கால அட்டவணை ஒன்றுதான், இயன்றால் படங்களுடன். எதிர்பாராத மாற்றங்களால் எளிதில் கலங்கும் குழந்தைகள் எந்த வகுப்பிலும் ஓரிருவர் இருப்பார்கள். அடுத்து வருவது என்ன என்று கண்ணால் காண முடிந்தால் அவர்களின் பதற்றம் பெரிதும் தணிகிறது.

நீலமை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரு குவளைகளையும் எண் வரிசையையும் வரும் வாரமே தொடங்கப் போகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. கையை உயர்த்திக் காட்டும் சைகையை ஏற்கெனவே பயன்படுத்துகிறேன்; முன்வரிசை மட்டும் அமைதியாகிறது, பின்வரிசை பேச்சைத் தொடர்கிறது. அடுத்து, பணியை விரைவில் முடித்துவிடும் ஐந்தாறு பேர் உடனே என் மேசைக்கு ஓடிவந்து வரிசையில் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் உதவி தேவைப்படும் குழந்தைகளை அதனால் கவனிக்க முடிவதில்லை.

படிக்கட்டு எழுதியது:

சைகை தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வகுப்பு முழுவதும் அடங்குவதற்கு முன்பே ஆசிரியர் பேசத் தொடங்கிவிடுகிறார். பாதிப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே அறிவுரை வந்துவிடும் என்று பின்வரிசைக்குத் தெரிந்துவிட்டால், அவர்கள் நிறுத்த வேண்டிய தேவை இல்லை. கையை உயர்த்துங்கள், காத்திருங்கள், கடைசிக் குழந்தையின் கண் உங்கள்மேல் விழும்வரை வாய் திறவாதீர்கள். தொடக்க நாள்களில் அந்தக் காத்திருப்பு நீண்டதாகத் தோன்றும். கையைக் காண முடியாதபடி குனிந்து எழுதுபவர்களும் இருப்பதால், காட்சியோடு ஓர் ஒலியையும் சேர்ப்பது நல்லது. நீங்கள் ஒரு தாளத்தைத் தட்ட, அவர்கள் அதையே திருப்பித் தட்டலாம். கைகள் தட்டும்போது பென்சில் கீழே இருக்கும் என்பது கூடுதல் பயன். முன்வரிசையிலேயே நிற்காமல் சைகையைச் சில வேளைகளில் அறையின் பின்புறத்திலிருந்தும் காட்டுங்கள்.

காத்திருப்பு கேள்விகளுக்கும் பொருந்தும். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தபடி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டினால் விடைகள் நீளமாகின்றன, தாமாக முன்வருபவர்களும் கூடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இது நேரடி விடையல்ல என்றாலும், அவசரப்படாத ஆசிரியரிடம் வகுப்பும் அவசரப்படாது என்பதால் சேர்த்துச் சொன்னேன்.

விரைவில் முடிப்பவர்களை மேசைக்கு வரவிடாதீர்கள். நீங்கள் அவர்களிடம் செல்லுங்கள். முடித்த ஏடு ஒரு தட்டில் போக வேண்டும், பிறகு செய்ய வேண்டியது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பணி, மெதுவாகச் செய்பவர்கள் ஏங்கும் அளவுக்கு விளையாட்டாக இருந்தால், எல்லோரும் பிழையோடு விரைந்து முடிக்கத் தொடங்குவார்கள். தண்டனைபோல மேலும் பத்துக் கணக்குகளாக இருந்தால், முடித்ததை மறைப்பார்கள். வாசிப்பு நூல், அல்லது அன்று போட்ட கணக்கைப் போல ஒன்றைத் தாமே உருவாக்குவது ஆகியவை இடைப்பட்டவை. உதவி வேண்டுவோருக்கு மேசைமேல் நிறுத்தக்கூடிய ஒரு சிவப்பு அட்டை கொடுங்கள். அட்டையை நிறுத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள். கையைத் தூக்கிக்கொண்டே இருக்கும் குழந்தையால் எழுத முடியாது.

கடைசிவரிசை எழுதியது:

மாலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மணி அடித்தபின் கிளம்பும் வேலையைத் தொடங்கினால் எந்த நடைமுறையும் நிற்காது. பத்து நிமிடம் முன்பே தொடங்குங்கள்: முதலில் வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்வது, அடுத்து காலடியில் கிடக்கும் தாள்களைப் பொறுக்குவது, கடைசியாகப் பையை மூடுவது. பையை முதலில் மூடவிட்டால் மனம் வாசலுக்குப் போய்விடும், பின்பு வீட்டுப்பாடத்தை எழுத ஆளிருக்காது.

நீண்ட விடுமுறைக்குப் பின் எல்லாம் தளர்ந்திருக்கும். முதல் நாளிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள், இம்முறை பாதி நேரமே ஆகும். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்பவருக்காக, சைகை எது, எந்தத் தட்டு எதற்கு, பொறுப்பாளர்கள் யார் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி வருகைப்பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள்.