கவெய்ன் கச்சையை ஒளித்தது குற்றமா, இல்லையா?

வேங்கை72: "கவெய்ன் அப்பழுக்கற்ற வீரன், கேடயத்தில் வாய்மையின் சின்னமாக இருக்கும் ஐந்முனை நட்சத்திரமே சாட்சி" என்று நேற்று ஒருத்தர் அடித்துவிட்டிருக்கிறார். ஆர்தர் மன்னரின் வீரன் கவெய்னைப் பற்றிய 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற இடைக்கால ஆங்கிலக் கவிதையில் நான்காம் பகுதியைப் புரட்டினாரா? கோட்டைத் தலைவர் பெர்ட்டிலாக்குக்கு வேட்டையிலும், விருந்தாளி கவெய்னுக்குக் கோட்டையிலும் பகல் முழுக்கக் கிடைத்ததை மாலையில் கைமாற்றிக்கொள்வதுதானே ஒப்பந்தம்? முதல் நாள் மானுக்கு ஒரு முத்தம், அடுத்த நாள் பன்றிக்கு இரண்டு, மூன்றாம் நாள் நரித்தோலுக்கு மூன்று. பெர்ட்டிலாக்கின் மனைவி கொடுத்த பச்சைக் கச்சை, அந்த இடுப்புப் பட்டை, எங்கே?

கோட்டைவாசல்: அந்த 'ஒருத்தர்' நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். தங்க மோதிரத்தை மறுத்தவன் அவன். பச்சை வீரனின் கோடாரிக்குக் கழுத்தை நீட்டப் போகிறவன், கட்டியிருப்பவனைக் கொல்ல முடியாது என்று அவள் சொன்ன பிறகுதான் கச்சையை வாங்கினான். உடனே பாதிரியாரிடம் பாவமன்னிப்பும் பெற்றான். நாளைக்கே இறுதித் தீர்ப்பு நாள் என்றாலும் பயமில்லை, அவ்வளவு தூய்மை என்று கவிஞரே சொல்கிறார்.

வேங்கை72: வரிசையைப் பாருங்கள் சார். கச்சை, பாவமன்னிப்பு, அப்புறம்தான் மாலைக் கைமாற்றம். திருப்பித் தரும் எண்ணமே இல்லாதவனுக்கு எந்த மன்னிப்பு செல்லும்? முதல் இரண்டு மாலையும் பெர்ட்டிலாக்தான் முதலில் வேட்டையைக் காட்டுகிறார். மூன்றாம் மாலை கவெய்ன் முந்திக்கொண்டு முத்தங்களைக் கொடுத்து முடிக்கிறான். மடியில் கனம்!

நாணல்: பிடிபட்டதும் ஆதாம், சாலமோன், சிம்சோன், தாவீது எல்லாரும் பெண்ணால் கெட்டவர்கள் என்று புலம்புகிறானே, அதை யாரும் பேச மாட்டீர்களா?

வேங்கை72: அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே கச்சை.

கோட்டைவாசல்: உயிர்மேல் ஆசைப்பட்டாய், அதனால் குற்றம் சிறிது என்று பச்சை வீரனாக வந்த பெர்ட்டிலாக்கே சொல்லிவிட்டார். ஆர்தரின் சபையே சிரித்து ஆளுக்கொரு பச்சைப் பட்டை அணிந்துகொண்டது. உங்களுக்கென்ன அவ்வளவு காண்டு?

வேங்கை72: சபை சிரித்தால் குற்றம் போய்விடுமா? வெட்டாமல் விட்ட முதல் இரண்டு கோடாரி ஓங்கல்கள் முதல் இரண்டு நாள் நேர்மைக்கு. மூன்றாவதில் கழுத்துத் தோல் கிழிந்தது கச்சைக்கு. அடித்தவரே கணக்குச் சொல்கிறார். கவெய்னும் கோழைத்தனம், பேராசை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். உங்களுக்கு மட்டும் அப்பழுக்கற்றவன்!

நாணல்: சூனியக்காரி மார்கன் லெ ஃபேதான் இதையெல்லாம் ஏவிவிட்டவள் என்பதாவது...

வேங்கை72: கச்சை!

கோட்டைவாசல்: அதே பெர்ட்டிலாக்தான் "இப்போது நீ முற்றும் தூயவன்" என்றும் சொல்கிறார். அந்த வரி வசதியாக உங்கள் கண்ணில் படாது.

வேங்கை72: அது வெட்டு வாங்கிய பிறகு! மறுபடியும் வரிசை!