55 மைல் வேகத்தைத் தாண்டினால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது: டிராக்டர் ஏற்றுபவர்கள் உதவுங்கள்

பாஸ்ட்ராப்வாசி:
வணக்கம். ஆஸ்டினில் வீடு, பாஸ்ட்ராப் பக்கம் கொஞ்சம் நிலம். புல் வெட்ட ஒரு சின்ன டிராக்டர், முன்னால் லோடர் (மண் அள்ளும் பக்கெட்), பின்னால் 5 அடி ஷ்ரெடர் (புல் வெட்டும் கருவி). அரை டன் பிக்கப்பில் 18 அடி, இரட்டை ஆக்ஸில் ட்ரெய்லரை (மொத்த எடை 7,000 பவுண்டு வரை தாங்கும் வகை) மாட்டி 71ஆம் நெடுஞ்சாலையில் கொண்டு போகிறேன். மணிக்கு 50 மைல் வரை சொன்னபடி கேட்கிறது. 55 தாண்டினால் ஆட்டம், பெரிய லாரி கடந்து போனால் வண்டியையே இழுக்கிறது. டிராக்டரின் பின் சக்கரம் ட்ரெய்லர் சக்கரங்களுக்கு மேலேயே இருக்கட்டும் என்று நிறுத்துகிறேன். பக்கெட்டுக்கு முன்னால் இரண்டு அடி காலி, அதில் டீசல் கேன். ஸ்வே பார் (ட்ரெய்லர் ஆட்டத்தைத் தடுக்கும் கம்பி) வாங்கினால் சரியாகுமா?

கொங்கு டெக்ஸன்:
வாங்குங்கள். நான் போட்டேன், ஆட்டம் குறைந்தது.

டீசல் அண்ணாச்சி:
அவசரப்படாதீர்கள் தம்பி. எடை தப்பாக உட்கார்ந்திருந்தால் பார் அதை மறைக்கும், தீர்க்காது. லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடை இருக்கும். ட்ரெய்லரோடு ஒரு தடவை, ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரு தடவை எடை போடுங்கள். பிக்கப்பின் இரண்டு ஆக்ஸிலிலும் கூடுகிற எடைதான் டங் வெயிட், அதாவது ட்ரெய்லரின் மூக்கு பிக்கப்பின் மேல் அழுத்தும் எடை. மொத்த ட்ரெய்லர் எடையில் அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். டிராக்டர் பின் சக்கரத்தில் எடைக்காகத் தண்ணீரோ வேறு திரவமோ நிரப்பியிருக்கிறதா? அந்த எடை கம்பெனி புத்தகத்தில் இருக்காது.

பாஸ்ட்ராப்வாசி:
நிரப்பியிருக்கிறது அண்ணா. எடை போட்டேன். பிக்கப் தனியாக 5,400. மாட்டிய பிறகு அதன் ஆக்ஸில்களில் 5,760, ட்ரெய்லர் ஆக்ஸில்களில் 6,340.

டீசல் அண்ணாச்சி:
அப்படியானால் டங் வெயிட் 360 தான். ட்ரெய்லர் மொத்தம் 6,700. ஐந்து சதவீதம் சொச்சம். ஆடாமல் என்ன செய்யும்? காலி ட்ரெய்லர் 2,000 என்றால் டிராக்டரும் ஷ்ரெடரும் 4,700. ட்ரெய்லர் ஆக்ஸிலில் இருந்து பால் (ball, ட்ரெய்லர் மாட்டும் உருண்டை) வரை ஏறக்குறைய 14 அடி. ஆக, டிராக்டரை ஒரு அடி முன்னால் நகர்த்தினால் டங்கில் 335 பவுண்டு ஏறும், கிட்டத்தட்ட 695. போதும். ரெண்டடியும் தள்ளிவிடாதீர்கள், பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரம் லேசாகும். டீசல் கேனுக்கு வேறு இடம் பாருங்கள். அப்புறம் ட்ரெய்லர் டயரில் பக்கவாட்டில் அச்சிட்ட முழு அழுத்தம் இருக்கிறதா என்று குளிர்ந்த நிலையில் பாருங்கள். பாதிக் காற்றில் ஓடினாலும் ஆடும்.

லாரிக்காரன் மகன்:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் 695-ஐ எதில் மாட்டப் போகிறார்? ரிசீவருக்கு (பிக்கப்பின் பின்னால் பால் செருகும் சதுரக் குழாய்) அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அரை டன் வண்டிகள் பலவற்றில் வெறும் பாலுக்கு 5,000 பவுண்டு இழுவை, 500 டங் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் போனால் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் (டங் எடையை முன் சக்கரங்களுக்கும் ட்ரெய்லருக்கும் பகிர்ந்து கொடுக்கும் இணைப்பு) வேண்டும். கதவுச் சட்டத்தில் உள்ள பேலோடு எண்ணையும் (பிக்கப் சுமக்கக்கூடிய எடை) பாருங்கள். ஆட்கள், கூலர், டங் எல்லாம் அதில்தான் அடங்க வேண்டும். ட்ரெய்லர் பிரேக் வேலை செய்கிறதா? டெக்ஸாஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டும் ட்ரெய்லருக்கு பிரேக் வேண்டும்.

பாஸ்ட்ராப்வாசி:
ஸ்டிக்கரில் அதே 5,000 / 500 தான். ட்ரெய்லர் பிரேக்கை பிக்கப்பில் இருந்தே இயக்கும் கன்ட்ரோலர் இருக்கிறது. ஓடும்போது ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

லாரிக்காரன் மகன்:
பிக்கப் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கன்ட்ரோலரில் உள்ள கை லீவரால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுத்து நேராகும்.

கொங்கு டெக்ஸன்:
சரி, என் ஸ்வே பார் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கட்டுகிறது எப்படி? நான் ரெண்டு பட்டை ஸ்ட்ராப் மட்டும்தான் போடுவேன்.

டீசல் அண்ணாச்சி:
10,000 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள இயந்திரத்துக்குத்தான் மத்திய விதி குறைந்தது நான்கு கட்டு கேட்கிறது. நீங்களும் நான்கு மூலையிலும் சங்கிலியும் பைண்டரும் (சங்கிலியை இறுக்கும் கருவி) போடுங்கள், முன்னிரண்டும் பின்னிரண்டும் எதிரெதிரே இழுக்கட்டும். பக்கெட்டைத் தரையோடு இறக்கி அதற்குத் தனியாக ஒரு கட்டு, ஷ்ரெடருக்கு ஒன்று. ஹைட்ராலிக்கை நம்பித் தூக்கி வைக்காதீர்கள். 5 மைல் போனதும் இறங்கிச் சங்கிலியைத் தட்டிப் பாருங்கள்.

பாஸ்ட்ராப்வாசி:
டிராக்டரை ஒரு அடி முன்னால் நிறுத்தி, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மாட்டி ஓட்டினேன். 60-ல் ஆட்டம் இல்லை, லாரி கடந்தால் லேசாக ஒரு உதறல் மட்டும். டங் 700-ஐ ஒட்டி வருகிறது. ட்ரெய்லரின் 7,000-க்கு இன்னும் 300 தான் மிச்சம், அதனால் உரமூட்டை எல்லாம் இனி தனி டிரிப்.